கிளெம்முக்கும் எனக்கும் ஒரே அளவுச் சோறு

கிளெம் ஹரல் பந்துக்காக எழும்பும்போது என்னைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. எங்கள் ஆஸ்திரேலியக் கால்பந்தில் நடுவர் அந்த முட்டை வடிவப் பந்தை மைதானத்தின் நடுவே தரையில் ஓங்கி அடிப்பார். அது நெட்டுக்குத்தாக மேலே போகும். இரண்டு அணியிலும் இருப்பதிலேயே உயரமான ஆட்கள், தோளும் முட்டியும் இடித்துக்கொள்ள, அதற்காகக் குதிப்பார்கள். பெரும்பாலும் கிளெம்மின் கைதான் முதலில் படும். பிடிக்க மாட்டான். விரல் நுனியால் ஒரு தட்டு, அவ்வளவுதான். அது எங்கே விழுமோ அந்த இடத்துக்கு நான் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருப்பேன். எப்படித் தெரிகிறது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். ஏழு வருடம் ஒருவன் காலடியிலேயே திரிந்தால் அவன் தோள் அசைவதை வைத்தே தெரிந்துவிடும். வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

அவன் ஆறடி நாலங்குலம். நான் பூட்ஸோடு சேர்த்து ஐந்தடி நாலு. என் பெயர் வின் குவில்லன் என்றாலும் அவன் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, சுண்டெலி என்பான். எதிரணி ரசிகர்கள் வேலியோரம் நின்றுகொண்டு, "ஏணியையும் எலியையும் ஜோடி சேத்து அனுப்பியிருக்கானுங்க பாரு" என்பார்கள். கிளெம் ஓடுகிற ஓட்டத்தில் நின்று, வேலிப் பக்கம் திரும்பி, இல்லாத தொப்பியைக் கழற்றி ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் போவான்.

மெல்போர்னின் மேற்கே ஆற்றோரத்தில் எங்கள் பேட்டை, ரெட்பேங்க். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அங்கே ஏதாவது ஒன்று நாறும்: கசாப்புக்கூடம், தோல் பதனிடும் தொட்டி, இல்லாவிட்டால் ஆறு. வாரநாட்களில் கிளெம் கசாப்புக்கூடத்தில் ஆடு அறுப்பான். நான் கயிற்றுத் தொழிற்சாலையில் சணல் முறுக்குவேன். சனிக்கிழமை மதியம் நாங்கள் ரெட்பேங்க் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டதும் அதே தெரு ஆட்கள் எங்களைப் பார்க்க மைதான வாசலில் முண்டியடிப்பார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஐவியின் சமையலறைக்குப் போவோம். ஐவி கிளெம்மின் மனைவி. ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்திலேயே அவன் காதைத் திருகியவள். மட்டன் சாப்ஸ், உருளைக்கிழங்கு, ரொட்டி என்று அவள் வைக்க வைக்கக் கிளெம் தட்டைக் காலி செய்துகொண்டே இருப்பான். ஐவியின் அம்மா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இவனுக்கு ஆக்குறதும் ஒரு பட்டாளத்துக்கு ஆக்குறதும் ஒண்ணுதான்" என்பார். கிளெம் வாய் நிறைய வைத்துக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டுவான். அந்த உடம்புக்கு அது வேண்டியிருந்தது. அப்போது யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

1940 ஜூனில், எங்கள் ஊர்க் குளிர்காலத்தில், பிரான்ஸ் விழுந்த செய்தி வந்தது. பயிற்சிக்கு வந்த இடத்திலேயே எங்கள் அணியில் மூன்று பேர் பட்டாளத்தில் சேரப்போவதாகச் சொன்னார்கள். கிளெம் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் போனான். அந்தச் சனிக்கிழமை அவன் ஆடிய ஆட்டம் மாதிரி நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை வேலை முடிந்து, பூட்ஸில் ரத்தத்தோடு நேராக நகராட்சி மண்டபத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான். அதற்கப்புறம்தான் வீட்டுக்குப் போய் ஐவியிடம் சொன்னான். அப்போது அவள் வயிற்றில் குழந்தை.

அவள் சத்தம் போடவில்லை. தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அதனாலதான கேக்கல?" என்றாள்.

ஆமாம் என்றான் கிளெம்.

"சாப்பிடு."

ஏன் சேர்ந்தாய் என்று நானும் கேட்டேன். "எல்லாரும் போறாங்க. நான் மட்டும் வாராவாரம் குதிச்சுக்கிட்டே இருந்தா நல்லாவா இருக்கும்? அதுவும் நான் இருக்குற உயரத்துக்கு, எங்க ஒளிஞ்சாலும் தெரியும்" என்றான். மறுநாள் நானும் போய்ச் சேர்ந்தேன். பந்தைத் தட்டிவிட ஆள் இல்லாத மைதானத்தில் நான் எதைப் பொறுக்குவது?

பயிற்சி முகாமில் கிளெம்மின் காலுக்கு பூட்ஸ் கிடைக்கவில்லை. சாமான் கொடுக்கும் சார்ஜெண்ட் அலமாரியெல்லாம் தேடிவிட்டு, "இந்த சைஸுல எங்ககிட்ட படகுதான் இருக்கு. அது கப்பற்படையில கேக்கணும்" என்றார். கிளெம் தன் ஆட்ட பூட்ஸையே வரவழைத்து, அடியில் இருந்த தோல் குமிழ்களைத் தட்டி எடுத்துவிட்டு அதிலேயே அணிவகுத்தான். பிறகு யாரோ ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து ஒரு ஜோடி செய்து கொடுத்தார்கள். அந்த ஒரு ஜோடிதான்.

ஜனவரியில் லோர்னா பிறந்தாள். விடுப்பில் வந்த கிளெம் குழந்தையைத் தன் முன்னங்கையில் படுக்கப்போட்டுக்கொண்டு தெரு முழுக்க நடந்தான். தலை உள்ளங்கையில், கால் முழங்கைக்கு எட்டவில்லை. நாங்கள் கப்பல் ஏறும்போது அவள் குப்புற விழ ஆரம்பித்திருந்தாள்.

மலாயாவில் ஜப்பானியரோடு நாங்கள் போரிட்டது கொஞ்ச நாள்தான். ரப்பர் தோட்டத்து ரோடுகளில் நின்று சுட்டோம், பின்வாங்கினோம், மறுபடி நின்றோம், மறுபடி பின்வாங்கினோம். கடைசியில் சிங்கப்பூர் தீவுக்குள் வந்து சேர்ந்தபோது முதுகுக்குப் பின்னால் கடல்தான் இருந்தது. 1942 பிப்ரவரியில் ஒருநாள் துப்பாக்கிகளைக் குவியலாகப் போடச் சொன்னார்கள். எங்களைத் தோற்கடித்தவர்கள்கூட அப்போது எங்கள் கண்ணில் படவில்லை. உத்தரவு எங்கள் ஆட்களிடமிருந்தே வந்தது. கிளெம் துப்பாக்கியைக் குவியலில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். அவ்வளவு பெரிய கைகள்.

கைதிகளாக இருந்த முதல் சில மாதங்கள் எங்களுக்கு உடம்பில் இன்னும் சதை இருந்தது. முகாமுக்குள்ளேயே அணி பிரித்துப் பந்தாடினோம். கிளெம் எழும்பும்போது ஜப்பானியக் காவலர்கள் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு அரிசி குறைந்தது. விழுந்தவனுக்குக் காயம் ஆறவில்லை. ஆட்டத்தை நிறுத்துங்கள் என்று எங்கள் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வருடம் எங்களைச் சரக்கு வண்டிகளில் அடைத்து வடக்கே கொண்டுபோனார்கள். சயாமின் காட்டுக்குள், பர்மாவுக்கு ரயில்பாதை போட. கிளெம்மால் வண்டிக்குள் காலை நீட்டவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. கடைசியில் அவன் கால்களை என் மடிமேல் போட்டுக்கொண்டு வந்தோம். இறங்கியபிறகு மழையில் நடந்தோம். முகாம் என்று சொன்ன இடத்தில் மூங்கில் தூண்கள் மட்டும் நின்றன. கூரையை நாங்களே போட்டுக்கொண்டோம்.

பாறையை உடைத்துப் பாதை வெட்டுவதுதான் வேலை. நான் இரும்புக் கம்பியைப் பாறையில் நட்டுப் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திருப்ப வேண்டும். கிளெம் சம்மட்டியால் அதன் தலையில் அடிக்க வேண்டும். துளை ஆழமானதும் வெடிமருந்து வைப்பார்கள். முதல் வாரங்களில் அவன் சம்மட்டி ஒருதடவைகூடத் தவறியதில்லை. என் விரல்கள் இன்னும் பத்தாக இருப்பது அதனால்தான்.

அங்கே ஒரு காவலன். விரலால் எங்கள் மண்டையைக் கொத்திக்கொண்டே இருப்பதால் மரங்கொத்தி என்று பெயர் வைத்திருந்தோம். உயரமானவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. கிளெம்மைப் பள்ளத்தில் இறங்கி நிற்கச் சொல்லி, மேலே நின்று கன்னத்தில் அறைவான். பள்ளம் இல்லாத இடத்தில் கிளெம்மே குனிந்து கொடுப்பான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. எதற்குக் குனிகிறாய் என்று கேட்டேன்.

"எட்டி எட்டி அடிச்சா அவனுக்குத் தோள் வலிக்கும். வலிச்சா கோவம் வரும். கோவம் வந்தா பக்கத்துல இருக்குறவனை அடிப்பான். பக்கத்துல யாரு நிக்குறது?" என்றான் கிளெம்.

சாப்பாடு ஆளுக்கு ஒரு தகரக் குவளை. காலையில் கஞ்சி, மதியமும் மாலையும் சோறு, மேலே பூசணித் தண்ணீர். ஐந்தடி ஆளுக்கும் அதே குவளை, ஆறடி ஆளுக்கும் அதே குவளை. இதில் அநியாயம் என்று யாரும் சொல்ல முடியாது; எல்லோருக்கும் ஒரே அளவு. ஆனால் நான் மெலிந்தேன், அவன் உருகினான். சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரிந்தது. எங்கள் டாக்டர் மெரிக் மாலையில் வரிசையாக எல்லோரையும் பார்ப்பார். முகாமிலிருந்த பெரிய உடம்புக்காரர்கள் முதலில் விழுகிறார்கள், சின்ன ஆட்கள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெரிய உடம்புக்காரர்களுக்கு இன்னொரு கரண்டி போடக் கேட்டு ஜப்பானிய அதிகாரியிடம் போனார். கன்னம் வீங்கித் திரும்பி வந்தார். இரண்டாம் தடவையும் போனார்.

ஒருநாள் மழையில், குடிசைக்குள் உட்கார்ந்திருந்தபோது, என் சோற்றில் பாதியை அவன் குவளையில் கொட்டப்போனேன். அவன் குவளையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். உட்கார்ந்திருந்தும் எனக்கு எட்டவில்லை.

"வயிறு சரியில்ல கிளெம். எனக்கு இறங்கல."

"பொய் சொல்றப்ப உனக்குக் காது சிவக்குது, சுண்டெலி. நடுவர்கிட்ட சொல்லும்போதும் இப்படித்தான்."

"நீ என்னைவிட ரெண்டு மடங்கு ஆளு. உனக்கு ரெண்டு பங்கு வேணும்."

"சரி. எடுத்துக்குறேன். அப்புறம் ரெண்டு பேரும் சாவலாம். ஐவிகிட்ட போய்ச் சொல்றது யாரு, மரங்கொத்தியா?"

அதோடு விடவில்லை. எங்களைப் போலவே கைதியான சமையற்காரனிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தான். அன்றிலிருந்து நான் கடைசிப் பருக்கையை விழுங்கும்வரை சமையற்காரன் கரண்டியோடு என் எதிரே நின்றான்.

முகாமை ஒட்டி ஓடிய ஆற்றின் மேல்பக்கத்தில் தமிழர்களின் முகாம் ஒன்று இருந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் மரத்தைக் கீறிப் பால்வெட்டிக்கொண்டிருந்தவர்கள். நல்ல கூலி, பக்கத்து ஊர் என்று சொல்லி ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஜப்பானியர் கொண்டுவந்திருந்தார்கள். எங்களுக்காவது மெரிக் இருந்தார், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்ல ஆள் இருந்தது. அவர்களுக்கு யாரும் இல்லை. வேலைக்குப் போகும் வழியில் அவர்களைக் கடந்துதான் போவோம். வீராசாமி என்று ஒருவர், தோட்டத்தில் கங்காணிக்கு எழுத்து வேலை பார்த்தவராம், நாலு வார்த்தை ஆங்கிலம் பேசுவார். கிளெம்மைப் பார்த்ததும் எழுந்து நின்று, "பெரிய தொரை" என்று சிரிப்பார். கிளெம் அவருக்கும் அந்த இல்லாத தொப்பியைக் கழற்றிக் காட்டுவான்.

காலரா வந்த வாரம் வீராசாமி எழுந்து நிற்கவில்லை. பாதையோரம் சாய்ந்து கிடந்து, வாயைக் காட்டித் தண்ணீர் கேட்டார். கிளெம் வரிசையை விட்டு இறங்கித் தன் குடுவையை நீட்டினான். மரங்கொத்தி துப்பாக்கியின் பின்கட்டையால் குடுவையைத் தட்டிவிட்டு, கிளெம்மை முதுகில் அடித்தான், கீழே கிடந்தவரையும் அடித்தான். நாங்கள் நடந்தோம். நின்றால் சுடுவார்கள். சில நாள் கழித்து அந்த முகாமைச் சுத்தம் செய்ய எங்களை அனுப்பினார்கள். சுத்தம் என்றால், எரிப்பது. கிளெம் ஒவ்வொருவரையும் தூக்குவதற்கு முன் முகத்தைப் பார்த்தான். வீராசாமியைக் கண்டானா என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் குளிக்க ஆற்றில் இறங்கியவன் ரொம்ப நேரம் கழுத்தளவுத் தண்ணீரிலேயே நின்றான்.

அந்த மழைக்காலத்தில் அவன் பூட்ஸ் மக்கிப் பிளந்தது. மற்றவர்கள் செத்தவனின் பூட்ஸைப் போட்டுக்கொண்டார்கள். அவன் காலுக்கு எவன் பூட்ஸும் சேரவில்லை. வெறுங்காலில் போனான். மூங்கில் சிராய் ஒன்று இடது முழங்காலுக்குக் கீழே கீறியது, கொசுக்கடி அளவுக்கு. அந்த ஊரில் சின்னக் கீறல் என்று ஒன்று கிடையாது. வாரத்தில் அது ரூபாய்க் காசு அளவு புண்ணானது; பிறகு தட்டு அளவானது; பிறகு எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மெரிக் கூராக்கிய கரண்டியால் தினமும் அழுகலைச் சுரண்டி எடுப்பார். நான் தோளை அழுத்திப் பிடிப்பேன். கிளெம் கூரையைப் பார்த்துக்கொண்டு, நாங்கள் தோற்ற ஒரு அரையிறுதி ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டு வர்ணிப்பான். சுரண்டி முடிப்பதற்குள் எப்போதும் நாங்கள் ஜெயித்துவிடுவோம்.

வேலைக்குப் போகாதவனுக்கு அரைக் குவளைதான். அது ஜப்பானியர் போட்ட விதி. கிளெம்முக்கு எது அதிகம் வேண்டுமோ அதில் பாதி போயிற்று. இப்போது அவன் அறியாமல் என் சோற்றைச் சமையற்காரனிடம் கொடுத்து அவன் குவளையில் சேர்க்கச் சொன்னேன். சமையற்காரன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். "அந்த ஆளு கேட்டுக்கிட்டது வேற. ரெண்டு பேருக்கும் நான் வாக்கு குடுக்க முடியாதுப்பா" என்றான். அவனும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தான். அவனோடு எப்படிச் சண்டை போடுவது?

ஒருநாள் காலை மெரிக் வந்து மூங்கில் மேடை ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் சொல்வதற்கு முன்பே கிளெம்முக்குத் தெரிந்துவிட்டது.

"எடுக்கணுமா டாக்டர்?"

"எடுக்கலன்னா இந்த வாரம் தாண்டாது, ஹரல்."

"அது நான் எழும்புற கால்."

"தெரியும். உன் ஆட்டத்தைப் பார்த்திருக்கேன். நான் நார்த்கேட் ரசிகன்."

நார்த்கேட் எங்கள் ஜென்மப் பகையான அணி.  "அப்ப இத்தனை வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தீங்க" என்றான் கிளெம். மெரிக் சிரித்தார்; சிரித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அறுவை ரம்பம் அங்கே இல்லை. சமையற்கட்டில் எப்போதாவது கிடைக்கும் மாட்டெலும்பை அறுக்க ஒரு ரம்பம் இருந்தது. அதைக் கொதிக்கவைக்கக் கொண்டுபோகும்போது கிளெம் பார்த்துவிட்டான். இங்கே கொண்டு வா என்றான். கட்டைவிரலால் பற்களைத் தடவினான். பதினைந்து வருடம் கசாப்புக்கூடத்தில் நின்ற விரல் அது.

"எனக்கு ஒரு அரம் வேணும்" என்றான்.

அரம் கிடைத்தது. அவன் முதுகுக்கு நான் முட்டுக்கொடுத்துக்கொண்டேன். தன் காலை அறுக்கப்போகும் ரம்பத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு பல்லாக, அவசரப்படாமல் தீட்டினான். இடையிடையே நிறுத்துவான், மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்வான். குடிசையில் படுத்திருந்தவர்களில் முடிந்தவர்கள் முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தார்கள். மெரிக் வாசலில் மழையைப் பார்த்தபடி நின்றார். அவர் அவனை அவசரப்படுத்தவே இல்லை. முடித்ததும் கிளெம் ரம்பத்தை ஊதிவிட்டு நீட்டினான். "இப்ப போதும்" என்றான். பிறகுதான் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சுண்டெலி, அந்தக் காலை நாய் தின்னாம எங்கயாவது ஆழமாப் புதைச்சிடு" என்று மட்டும் சொன்னான்.

முதுகுத்தண்டில் போட ஏதோ மருந்து கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தார் மெரிக். அது எவ்வளவு வேலை செய்தது என்று கிளெம் சொல்லவில்லை. நான் காலை மூங்கில் புதருக்குப் பின்னால் இடுப்பளவு தோண்டிப் புதைத்தேன்.

அவன் பிழைத்துக்கொண்டான். காய்ச்சல் இறங்கியது. தையல் சீழ்பிடிக்கவில்லை. முகாம் முழுக்க மெரிக்கைப் பார்த்துச் சந்தோஷத்தில் சிரித்தது. கழிப்பிடக் குழிக்கு அவனை நான் முதுகில் தூக்கிக்கொண்டு போவேன். ஆம், நான். ரெட்பேங்கில் இதைச் சொன்னால் மதுக்கடையில் உருண்டு சிரித்திருப்பார்கள். ஒரு மூட்டை வைக்கோல் கனம்கூட அவன் இல்லை. ஆனால் உயரம் அப்படியேதான் இருந்தது. நான் குட்டை, அதனால் மிச்சமிருந்த அவன் ஒற்றைக்கால் பின்னால் சேற்றில் இழுபட்டுக்கொண்டே வரும்.

"தரையில தட்டாம ரொம்ப தூரம் எடுத்துட்டு ஓடுற. நடுவர் விசில் ஊதப்போறாரு" என்றான் ஒருதடவை, என் காதுக்குப் பக்கத்தில். எங்கள் ஆட்டத்தில் அப்படி ஒரு விதி உண்டு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவன் இடையிடையே அதைத் தரையில் ஒருமுறை அடித்தாக வேண்டும். நான் சிரித்துச் சிரித்துச் சேற்றில் முட்டி மடிந்துவிட்டேன். இரண்டு பேரும் மழையில் கிடந்தோம். கொஞ்சநேரத்துக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. சிரிப்பாலா, தெம்பில்லாமலா என்று இன்றைக்கும் தெரியாது.

ஆற்றில் படகில் வரும் ஒரு சயாம்காரியிடம் என் கைக்கடிகாரத்தைக் கொடுத்து வாத்து முட்டைகள் வாங்கினேன். கிளெம் ஒன்றைத் தின்றான். இரண்டாவதை உடைத்து, பக்கத்தில் கிடந்த ஒரு கைதியின், ஊரில் கோதுமை விவசாயியாக இருந்தவனின், வாயில் ஊட்டிவிட்டான். அந்த ஆளுக்கு எப்படியும் நாள் நெருங்கிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு வந்த கோபத்தில் வெளியே போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது கிளெம் தூங்கிக்கொண்டிருந்தான், விரலெல்லாம் மஞ்சள் கருவோடு.

அதற்குப் பிறகு வயிற்றுப்போக்கு பிடித்தது. எதுவும் உள்ளே தங்கவில்லை. மெரிக்கிடம் மருந்து இல்லை. கரியை இடித்துக் கரைத்துக் கொடுத்தார். ஒருநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கிளெம் கண்ணைத் திறந்து பார்த்தான். நான் இன்றைக்குப் போகவில்லை என்று மெரிக்கிடம் கெஞ்சினேன். அவர் காவலனிடம் பேசிப் பார்த்தார். எண்ணிக்கை குறைந்தால் படுத்திருப்பவர்களை எழுப்பிக் கொண்டுபோவோம் என்றான் அவன். போனேன். அன்று முழுக்க வேறொருவன் சம்மட்டி அடிக்க நான் கம்பி பிடித்தேன்.

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம். மேடையில் கிளெம்மின் இடத்தில் வேறு ஒருவன் படுத்திருந்தான். உயரம் பத்தாமல் மேடையில் கால்மாட்டில் நிறைய இடம் மிச்சமிருந்தது. மருத்துவக் குடிசை ஆள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"மத்தியானம் போயிட்டாரு."

"எதாவது சொன்னானா?"

"தூக்கத்துலயேதான்."

காலரா பரவிய இடம் என்பதால் இறந்தவர் யாரையும் வைத்திருப்பதில்லை. ஏற்கெனவே எரித்துவிட்டார்கள். பின்னால் மழையில் இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. அது அவன் மட்டும் இல்லை, அன்று ஆறு பேர். சமையற்காரன் என் குவளையில் சோற்றைப் போட்டான். எதிரே நின்றான். நான் கடைசிப் பருக்கைவரை தின்றேன்.

போர் முடிந்த வருடம் அக்டோபரில் நான் கப்பலில் மெல்போர்ன் வந்து இறங்கினேன். ஐவிக்கு அரசாங்கத்திலிருந்து அதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அவன் இறந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அந்தச் செய்தி அவளுக்கு வந்தது. அந்த இரண்டு வருடமும் அவள் அவனுக்குக் கம்பளி உடுப்பு பின்னிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்குப் போவதற்கு எனக்குப் பல நாள் கால் வரவில்லை. போனபோது அவளே கதவைத் திறந்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, உள்ளே இழுத்துக்கொண்டாள். லோர்னா அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு வயதுக்கு அந்த உயரம் ஜாஸ்தி.

ஐவி என்னை உட்காரவைத்தாள். டீ போட்டாள். பிறகு கேட்டாள்.

"கடைசியில எப்படி இருந்தான் வின்? நல்லா இருந்தான்னு சொல்லாத. அதை எல்லாரும் சொல்லிட்டாங்க."

நான் வாயில் வந்ததைச் சொன்னேன். "நான்தான் அவனை முதுகுல தூக்கிட்டுப் போவேன்."

"யாரு, நீயா? அவனையா?"

"ஆமா. கால் தரையில இழுபடும்."

அவள் சிரித்துவிட்டாள். அடக்க முடியாத சிரிப்பு, மேசையைப் பிடித்துக்கொண்டு. அந்தச் சிரிப்புக்குள்ளேயே, நான் எவ்வளவு சின்ன ஆள், என்னால் தூக்க முடிந்ததென்றால் அவன் என்னவாக ஆகியிருக்க வேண்டும் என்பது அவளுக்கு எட்டியது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். அதை நிறுத்த என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. சொன்னதைத் திரும்ப வாங்கவா முடியும்? லோர்னா அம்மாவின் முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். அப்புறம் ரம்பம் தீட்டியதையும் சொன்னேன், டாக்டர் நார்த்கேட் ரசிகர் என்றதையும், வீராசாமியையும், முட்டையையும். எல்லாவற்றையும் கேட்டாள்.

அடுத்த சீசனில் ரெட்பேங்க் என்னை ஆடக் கூப்பிட்டது. சத்துக்குறைவில் என் கண்ணின் நடுப்பார்வை போயிருந்தது. பந்து மேலே போவது தெரியும், இறங்குவது தெரியாது. இரண்டு ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டேன். யாரும் குறை சொல்லவில்லை.

மைதானத்து அரங்கத்தின் சுவரில் போரில் இறந்த ஆட்டக்காரர்களுக்குப் பலகை வைக்க முடிவானது. பெயர், வருடம், இறந்த இடம். கிளெம் இறந்த இடத்தின் பெயரைச் சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டார். அந்த முகாமுக்குப் பெயர் என்று ஒன்று இல்லை. பாதையின் தூரத்தை வைத்து ஒரு எண்ணால் சொல்வோம். நாங்கள் சொன்ன எண் ஒன்று, அரசாங்கத்துத் தாளில் இருந்த எண் வேறொன்று. ஐவியின் சமையலறை மேசையில் நான் வரைந்து பார்த்தேன். ஆறு, ஆற்றின் வளைவு, மூங்கில். வரைந்ததைப் பார்த்தால் சயாமில் எந்த இடமாகவும் அது இருக்கலாம். ஐவி பென்சிலை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள். பலகையில் அவனுக்குப் பெயரும் வருடமும் மட்டும்தான் வந்தது.

பலகை திறந்த சனிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. பேச்சுகள் சீக்கிரம் முடிந்தன, ஆட்டம் தொடங்க வேண்டியிருந்ததால். கூட்டம் வேலிப் பக்கம் போனபிறகு ஐவி பலகைக்கு அருகே போனாள். கையுறையைக் கழற்றிவிட்டு அவன் பெயரை விரலால் தொட்டாள். எங்கள் பகுதி ஆட்கள் ஹரல் என்பதை எப்போதும் தப்பாகத்தான் எழுதுவார்கள். கல்யாணப் பதிவிலேயே ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.

"எழுத்தையாவது சரியாப் போட்டிருக்காங்க" என்றாள்.

லோர்னாவுக்குக் குளிர ஆரம்பித்திருந்தது. நாங்கள் மூவரும் வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் நின்றோம். உள்ளே கூட்டம் ஒருதடவை பெரிதாகச் சத்தம் போட்டது. எந்த அணிக்கு என்று தெரியவில்லை. டிராம் வர நேரமாயிற்று.